ஆருபாக்கும் மேட்ரன்

குமரி மாவட்டத்தில், தன் வேலையில் ஒன்றைக்கூடத் தானே செய்யாமல் சம்பளம் வாங்கிய ஒரே மனுஷி எங்கள் ஹாஸ்டல் மேட்ரன்தான். இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஒரு வேலையையும் செய்யாமல் இருப்பதற்காக அவர் பட்ட பாட்டை வேறு யாராவது பட்டிருந்தால் ஒரே மாதத்தில் இளைத்துப்போயிருப்பார்கள். மேட்ரன் இளைக்கவில்லை, அது வேறு விஷயம்.

அவருக்கு ஒரு பெயர் இருந்திருக்க வேண்டும். ஹாஸ்டலில் யாருக்கும் அது தெரியாது. பிள்ளைகள் வைத்த பெயர் ‘ஆருபாக்கும்’. குழாய் சொட்டினாலும், பல்பு எரியாவிட்டாலும், பூனை குட்டி போட்டாலும், இடுப்பில் கை வைத்து நின்று, வீடே தீப்பிடித்தது மாதிரியான குரலில், “இத இனி ஆரு பாக்கும்?” என்பார். யார் பார்த்துக்கொள்வது என்று அர்த்தம். சென்னைப் பக்கத்திலிருந்து புதிதாக வந்த இயற்பியல் ஆசிரியர், நுங்கம்பாக்கம், கேளம்பாக்கம் வரிசையில் இதுவும் ஓர் ஊர் என்று நினைத்துக்கொண்டு, “மேடத்துக்குச் சொந்த ஊர் ஆருபாக்கமா?” என்று மரியாதையாகக் கேட்டுவிட்டார். மேட்ரன் அவரை மேலும் கீழும் பார்த்தார். “இந்த ஆள இனி ஆரு பாக்கும்?” என்றார்.

குலசேகரத்துக்குப் பக்கத்தில், ரப்பர் தோட்டத்துக்கு நடுவில் இருந்த பழைய பங்களாதான் ஹாஸ்டல். ஒரு தடவை நீட் எழுதித் தோற்று, மறு தடவைக்குப் படிக்கும் பெண் பிள்ளைகள் அதில் இருந்தார்கள். நான் அவர்களுக்கு உயிரியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டு, மாடியில் ஓர் அறையில் தங்கியிருந்தேன். சனிக்கிழமை மாலை ஆனால் அந்தக் கட்டடமே மூச்சைப் பிடித்துக்கொள்ளும். அந்த வாரத் தேர்வின் மதிப்பெண் அப்போதுதான் பெற்றோரின் வாட்ஸாப்புக்குப் போகும். கொஞ்ச நேரத்தில் ஹாஸ்டல் போன் அடிக்க ஆரம்பிக்கும். ஒவ்வொரு பிள்ளையாகப் போய்க் காதில் வைத்துக்கொண்டு, ஒன்றும் பேசாமல் தலையை மட்டும் ஆட்டும். போனில் தலையாட்டினால் மறுமுனைக்குத் தெரியாது என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லும் தைரியம் எனக்கும் வரவில்லை.

இந்த இடத்தில்தான் மேட்ரன் தன் வேலைகளை எல்லாம் பிள்ளைகளுக்குப் பங்கு வைத்திருந்தார். ஒருத்திக்குச் சாப்பாட்டு மணி. ஒருத்திக்குத் தண்ணீர் மோட்டார். ஒருத்திக்கு எல்லோருடைய மூக்குக் கண்ணாடிக்கும் ஸ்குரு முறுக்கும் வேலை. எந்நேரமும் அழுதுகொண்டிருந்த ஒருத்திக்கு, அழுகிற மற்ற பிள்ளைகளுக்குத் துண்டு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை. வேலை மும்முரத்தில் அவளுக்கு அழ நேரம் கிடைக்காமல் போயிற்று.

பங்கு வைப்பதில் புதுமை ஒன்றுமில்லை. மேட்ரனின் சட்டம்தான் கொடுமையானது. ஒருத்தியின் வேலையை இன்னொருத்தி தொடக் கூடாது. அவள் செய்யாவிட்டால் அது நடக்கவே கூடாது.

மணி ஆன்சியின் பொறுப்பு. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள், முந்தின நாள் மார்க்கை நினைத்துப் போர்வைக்குள் சுருண்டுகொண்டு, அடிக்க வரவில்லை. இட்லி வெந்து, ஆறி, கல்லானது. பிள்ளைகள் தட்டோடு வரிசையில் நின்றார்கள். எனக்குக் கண் இருட்டியது.

“மேடம், நானே அடிச்சிரட்டா?” என்றேன்.

“நீங்க அடிச்சா பின்ன அவ எதுக்கு?” என்றார் மேட்ரன். அவர் வயிறு இரைந்தது வாசல்வரை கேட்டது.

“சாப்பாடு டீச்சருக்கும் கெடையாதா?”

“மணி அடிக்கலேல்லா டீச்சரே.”

கடைசியில் பசி தாங்காத பட்டாளம் ஒன்று மாடிக்குப் போய் ஆன்சியைப் போர்வையோடு சேர்த்துத் தூக்கிக்கொண்டு வந்து மணிக்கு முன்னால் நிறுத்தியது. அவள் வீங்கிய கண்ணோடு எல்லோரையும் பார்த்தாள். தான் ஒருத்தி படுத்துக்கொண்டதால் ஒரு வீடே பட்டினி கிடக்கிறது என்பதை அவளால் நம்ப முடியவில்லை. பிறகு அவள் அடித்த அடியில் குலசேகரம் சந்தைக்கே கேட்டிருக்கும்.

இந்தச் செய்தி டைரக்டருக்குப் போயிற்று. ஹாஸ்டலை நடத்திய கோச்சிங் சென்டரின் சொந்தக்காரர் அவர். கோபம் வந்தால் குரலைத் தாழ்த்திக்கொள்வார்; அதனால் அவர் மெதுவாகப் பேசினாலே எங்களுக்கு உள்ளங்கை வேர்க்கும். அன்று மிக மெதுவாகப் பேசினார்.

“பிள்ளையோ இஞ்ச படிக்க வந்ததா, வேல பாக்க வந்ததா?”

“படிக்கத்தான் சாரே.”

“பின்ன?”

“படிச்சுப் பாசாகலன்னா ஒண்ணுக்கும் ஒதவ மாட்டன்னு வீட்டுல சொல்லியாச்சு. நாமளும் சனிக்கெழம தோறும் அதத்தான் சொல்லுதோம். நீ இந்த ஒண்ணுக்கு ஒதவுவன்னு ஒரு ஆளாவது சொல்லாண்டாமா?”

டைரக்டர் ஜன்னல் வழியாகக் கொல்லையைப் பார்த்தார். அங்கே ஒரு செவலைப் பசு, நிறைசினையாக, அசைபோட்டுக்கொண்டு நின்றது. வீட்டில் கவனிக்க ஆளில்லை என்று மேட்ரன் தன் பசுவை ஹாஸ்டலுக்கே கொண்டுவந்து கட்டியிருந்தார்.

“அடுத்த பெரிய டெஸ்டுக்கு முன்ன அது இஞ்சேருந்து போயிரணும்,” என்றார் டைரக்டர், இன்னும் மெதுவாக. “இல்லன்னா அதுக்க கூட நீங்களும் போலாம்.”

மேட்ரன் பசுவைக் கொண்டுபோகவில்லை. நிறைசினை மாட்டை வண்டியில் ஏற்றக் கூடாது என்றார்.

அந்த நாட்களில்தான் ஜெபிஷா எங்களைக் கலங்கடித்தாள். முட்டத்துப் பெண். அப்பா கடலுக்குப் போகிறவர், அண்ணன் துபாயில். இரண்டு தடவை எழுதிவிட்டு மூன்றாவதுக்கு வந்திருந்தாள். வந்த நாளிலிருந்து மேட்ரன் என்ன வேலை கொடுத்தாலும், “எனக்குத் தெரியாது மேடம்,” என்று ஒதுங்கிவிடுவாள். சிரிக்க மாட்டாள், சண்டை போட மாட்டாள். அந்தச் சனிக்கிழமை அவளுக்கு வந்த மார்க், அதற்கு முந்தின வாரத்தைவிடக் குறைவு. வீட்டிலிருந்து போன் வந்தது. அவளும் தலையாட்டினாள்.

மறுநாள்தான் பெரிய டெஸ்ட். அன்று இருட்டியதும் மழை பிடித்துக்கொண்டது. மேட்ரன் முற்றத்தில் ஆன்சியை நிறுத்தினார்.

“ஏட்டி, இது ஆருக்க குட?”

“ஜெபிஷா தந்தா மேடம். எனக்கு வேண்டாம்னு சொல்லிட்டா.”

பின்னால் வந்தவள் ஜெபிஷாவின் கம்பளியைப் போர்த்தியிருந்தாள். இன்னொருத்தி ஜெபிஷாவின் பெயர் வெட்டிய எவர்சில்வர் டம்ளரில் காப்பி குடித்துக்கொண்டிருந்தாள். மேட்ரனின் முகம் மாறியதை அன்றுதான் பார்த்தேன். அந்தக் குரல் எழும்பவில்லை. மாடிப்படி ஏறவே ஏறாத மனுஷி, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு படியேறினார். நான் பின்னாலேயே ஓடினேன்.

ஜெபிஷா விரிப்பு இல்லாத கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். அலமாரி காலி.

“எல்லாத்தையும் குடுத்தாச்சே,” என்றார் மேட்ரன். “எங்க போவப்போற?”

ஜெபிஷா முழங்காலைக் கட்டிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினாள்.

“சாவணும்னு தோணுதா மக்களே?”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இப்படியா பச்சையாகக் கேட்பது என்று அவர் சேலையைப் பிடித்து இழுத்தேன். அவர் திரும்பாமலே என் கையைத் தட்டிவிட்டார். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. “தெரியாது மேடம்,” என்றாள் ஜெபிஷா. பிறகு, “நான் இல்லன்னா வீட்டுல எல்லாரும் சமாதானமா இருப்பாவ,” என்றாள்.

மேட்ரன் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். கட்டில் முனகியது. அவர் புத்திமதி சொல்லப்போகிறார் என்று நான் நினைத்தேன். அவர் சொல்லவில்லை. “ஒனக்க அம்மைய விளிக்கப்போறேன். ஒனக்க முன்னால வச்சே பேசுவேன். ஒளிச்சு வைக்க மாட்டேன்,” என்று சொல்லி, அப்படியே செய்தார். அம்மா முதல் பஸ்ஸுக்கு வருவதாகச் சொன்னார். அந்த அம்மாவின் அழுகை போனுக்கு வெளியே எங்களுக்கும் கேட்டது. ஜெபிஷாவுக்கும் கேட்டது.

“அம்ம வாறது வர நீ எனக்க கண்ணுக்கு முன்னால இருக்கணும்,” என்றார் மேட்ரன். “தொழுவத்துல ஒரு ஆளு வேணும். பசுவுக்கு நாள் அடுத்தாச்சு.”

“எனக்கு மாட்டப்பத்தித் தெரியாது மேடம்.”

“எனக்கும் தெரியாது. அதுக்கும் இதுதான் தலப் பிள்ள. மூணு பேருக்கும் ஒண்ணும் தெரியாது.”

அன்றிரவு மேட்ரன் ஜெபிஷாவின் கட்டிலருகே பாய் போட்டுப் படுத்தார். என்ன பேசினீர்கள் என்று காலையில் கேட்டேன். “என்னத்தப் பேச? கொறட்ட விட்டிருக்கேன். அவதான் எழுப்பி எழுப்பி, திரும்பிப் படுங்க மேடம்னு சொல்லிட்டுக் கெடந்தா.”

காலையில் மழை இன்னும் வலுத்திருந்தது. திருவட்டாறு பக்கம் ரோட்டில் மரம் விழுந்து, அந்தப் பக்கத்து வண்டிகள் எல்லாம் நின்றுவிட்டன. ஜெபிஷாவின் அம்மா வந்த பஸ்ஸும் அதில் ஒன்று. டெஸ்ட் தொடங்கவேண்டிய நேரத்தில் கேள்வித்தாள் கவரை நான் கையில் எடுத்தபோது, மேட்ரன் காவலிருந்த தொழுவத்திலிருந்து ஜெபிஷாவின் குரல் கேட்டது. அவள் வந்ததிலிருந்து அவ்வளவு சத்தமாகப் பேசி நாங்கள் கேட்டதில்லை.

“மேடம்! பனிக்குடம் ஒடஞ்சாச்சு!”

கவரை மேசையில் போட்டுவிட்டு நானும், எனக்குப் பின்னால் மொத்த ஹாஸ்டலும் ஓடினோம். பசு படுத்துக்கொண்டு முக்கியது. ஒரு சின்னக் குளம்பு வெளியே தெரிந்தது. அதன் மேல் ஒரு மூக்கு. அவ்வளவுதான். பசு முக்கியது, முக்கியது, முக்கிக்கொண்டே இருந்தது. மேற்கொண்டு ஒன்றும் வரவில்லை.

மழையில் ரப்பர் பால் வெட்டு கிடையாது, ஆகவே தோட்டத்தில் ஓர் ஆளும் இல்லை. விடியும்போதே பசு தவித்ததைப் பார்த்து, வாச்மேனைக் கால்நடை டாக்டரம்மாவைக் கூட்டிவர அனுப்பியிருந்தோம். இருவரும் சேர்ந்து அதே மரத்துக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டிருந்தார்கள். நான் டாக்டரம்மாவுக்கு வீடியோ கால் போட்டுக் காட்டினேன்.

“ஒரு முன்னங்கால் மடங்கி உள்ள கெடக்கு,” என்றார் அவர். “அத நேராக்கலன்னா ரெண்டு உயிரும் போகும். நான் நடந்து வாறதுக்குள்ள ஆகாது. அங்க ஆரு இருக்கா?”

யார் இருந்தோம்? இனப்பெருக்கம் என்ற பாடத்தை நிறுத்தாமல் ஒப்பிக்கக்கூடிய ஒரு கூட்டம் இருந்தது. அவர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுத்த நான் இருந்தேன். மேட்ரன் இருந்தார். அந்த நேரம் பார்த்துப் பசுவிடமிருந்து கொஞ்சம் இரத்தம் வந்தது. மேட்ரன் அதைப் பார்த்தார். “இத இனி ஆரு...” என்று தொடங்கியவர், வாக்கியத்தை முடிக்காமல் வைக்கோல் மேல் மெதுவாகச் சரிந்தார்.

அவரைத் தூணில் சாய்த்து வைத்து, துண்டுக்காரப் பெண் முகத்தில் தண்ணீர் தெளித்தாள்.

“கை சின்னதா உள்ள ஆளு வேணும்,” என்றது போன். “நகம் இருக்கப்பிடாது. பயமோ பேடியோ இல்லாத ஆளு.”

எல்லோரும் தங்கள் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டார்கள். ஜெபிஷா மட்டும் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “மீன் அறுத்த கைதான் டீச்சர்,” என்றாள். “அறப்பு, அருவருப்பு ஒண்ணும் இல்ல. ஆனா பேடி இருக்கு.”

“பேடியோட செய்,” என்றார் டாக்டரம்மா.

சோப்புப் போட்டுக் கழுவி, தேங்காயெண்ணெயை முழங்கைக்கு மேல்வரை பூசிக்கொண்டு அவள் பசுவின் பின்னால் மண்டியிட்டாள். நான் போனைப் பிடித்தேன். “பசு முக்கும்போ நீ சும்மா இரு. அது விடும்போ கன்னுக்க தலையப் பைய உள்ள தள்ளு. கால் தட்டுப்படுதா?”

“எலும்பு மாதிரி ஒண்ணு...”

“முட்டு. அதுலேருந்து கீழ போ. குளம்ப உள்ளங்கைக்குள்ள மூடிப் பிடி. இல்லன்னா உள்ள கிழிச்சிரும்.”

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். நெற்றியில் நரம்பு புடைத்தது. அந்த நேரத்தில் போனிலிருந்து ஒரு பெண்ணின் அலறல் கேட்டு நாங்கள் எல்லோரும் நடுங்கிப்போனோம்.

“எனக்க பிள்ளைக்கு என்னாச்சு? ஐயோ, ரத்தம்! எனக்க பிள்ள!”

விழுந்த மரத்துக்கு முன்னால் நின்ற பஸ்ஸிலிருந்து இறங்கி, டாக்டரம்மாவின் தோளுக்கு மேலாக யாரோ எட்டிப் பார்த்திருக்கிறார்கள். அது ஜெபிஷாவின் அம்மா. திரையில் மகளின் முகமும் சிவந்த கையும் தெரிந்திருக்கின்றன. விடிய விடிய எதை நினைத்துப் பயந்தாரோ அதுவே கண்ணுக்கு முன்னால்.

ஜெபிஷா கண்ணைத் திறக்கவில்லை. கையையும் எடுக்கவில்லை.

“அம்மா, எனக்கு ஒண்ணுமில்ல!” என்று கத்தினாள். “இது எனக்க ரத்தம் இல்ல. நீ சத்தம் போடாத. பசு பேடிக்குது!”

அதற்குப் பிறகு மழைச் சத்தமும், இரண்டு பக்கமும் மூச்சு வாங்குகிற சத்தமும்தான் கேட்டன.

இதற்கிடையில் மேட்ரனின் மடியில் கிடந்த அவருடைய போன் அடித்தது. டைரக்டர். மேட்ரன் பாதி மயக்கத்தில் எடுத்தார். டெஸ்ட் எப்படிப் போகிறது என்று அவர் கேட்டிருக்க வேண்டும்.

“பாதி வெளிய வந்தாச்சு சாரே!” என்றார் மேட்ரன்.

“என்னது? வெளிய வந்தாச்சா? கொஸ்டினா?” அவர் வாழ்க்கையிலேயே குரலை உயர்த்தியது அன்றுதான். போன் காதில் வைக்காத எங்களுக்கே கேட்டது.

“பாதிதான் சாரே. மீதிய உள்ள கைவிட்டு எடுக்காவ.”

டைரக்டர் குலசேகரத்திலேயே இருந்தவர். எங்கள் பக்கத்து ரோட்டில் மரம் எதுவும் விழவில்லை. கேள்வித்தாள் வெளியாகிவிட்டது என்ற பதைப்பில் அவர் வந்த வேகத்தில், கார் ஹாஸ்டல் கேட்டைப் பாதி பெயர்த்துக்கொண்டுதான் நின்றது. அவர் தொழுவத்துக்குள் நுழையவும், ஜெபிஷா, “வந்தாச்சு! கால் வந்தாச்சு!” என்று கூவவும் சரியாக இருந்தது. இரண்டு குளம்பும் மூக்கும் இப்போது நேராக நின்றன.

“இனி இழுக்கணும்,” என்றது போன். “அது முக்கும்போ மட்டும். கீழ்ப்பக்கமா இழுங்க. பலமுள்ள ஆளு உண்டுமா?”

எல்லோரும் டைரக்டரைப் பார்த்தார்கள். அவர் தன் ஷூவைப் பார்த்தார். பிறகு சாணத்தில் இறங்கி, ஜெபிஷாவுக்குப் பக்கத்தில் மண்டி போட்டு ஒரு காலைப் பிடித்தார். அவள் இன்னொன்றைப் பிடித்தாள். பசு முக்கியது. “இப்ப!” என்றாள் ஜெபிஷா. இழுத்தார். “நிறுத்துங்க சார்! மூச்சு விடட்டு.” நிறுத்தினார். எல்லோரையும் பேச்சிலேயே நிறுத்துகிற மனிதர் அன்று அந்தப் பெண்ணின் வாயைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

கன்று மொத்தமாக வழுக்கி வந்து அவர்கள் இருவரின் மடியிலும் விழுந்தது. அசையவில்லை. நாக்கு வெளியே கிடந்தது.

“மூக்கத் தொடச்சு விடு. வைக்கோல மூக்குக்குள்ள விடு. சாக்கு வச்சு நல்லாத் தேயி, தேயி!” போன் கத்தியது. ஜெபிஷா தேய்த்தாள். ஆன்சி தேய்த்தாள். கண்ணாடி ஸ்குருக்காரி தேய்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. யாரோ விசும்பத் தொடங்கினார்கள். ஜெபிஷா கன்றின் முகத்தருகே குனிந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, “மூச்சு விடுட்டி. விடு. இவ்ளவு தூரம் வந்துட்டு...” என்று சொல்லிச் சொல்லித் தேய்த்தாள்.

கன்று தும்மியது.

அந்தத் தும்மலுக்கு எழுந்த சத்தத்தில் தூணோரம் கிடந்த மேட்ரனுக்கே முழுசாக நினைவு வந்துவிட்டது. எழுந்து வந்து பார்த்தார். ஜெபிஷாவின் கையைப் பார்த்தார். மறுபடியும் சரிந்தார்.

டாக்டரம்மாவும் ஜெபிஷாவின் அம்மாவும் மரத்தைத் தாண்டி, கிடைத்த வண்டியில் பாதியும் நடந்து பாதியுமாக வந்து சேர்ந்தபோது மழை விட்டிருந்தது. கன்று நடுங்கிக்கொண்டு நிற்கப் பழகிக்கொண்டிருந்தது. அந்த அம்மா முந்தானையை நனைத்து, மகளின் கையை விரல் விரலாகத் துடைத்துவிட்டார். ஜெபிஷா கையைக் கொடுத்துக்கொண்டு நின்று அழுதாள். வந்ததிலிருந்து அவள் அழுததும் அன்றுதான். துண்டுக்காரி அவசரமாகத் துண்டு கொண்டுவந்தாள். மேட்ரன் அவளைப் பிடித்து நிறுத்திவிட்டார். “அம்மைக்காரி நிக்காள்லா,” என்றார்.

ஒரு கன்றுக்குட்டியால் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் அது பொய். ஜெபிஷா அன்றே அம்மாவோடு ஊருக்குப் போனாள். நாகர்கோவிலில் ஒரு மனநல மருத்துவரிடம் பல மாதங்கள் காட்டினார்கள். நல்ல நாளும் வந்தது, மோசமான நாளும் வந்தது. மோசமான நாட்களில் அவள் மேட்ரனைக் கூப்பிடுவாள். அவர் கன்றைப் பற்றிப் புகார் சொல்லிக்கொண்டே இருப்பாராம். நீட்டை அவள் மறுபடி எழுதவில்லை. இப்போது ஒரு கல்லூரியில் வரலாறு படிக்கிறாள். வரலாறா என்று நான் வாயைப் பிளந்தேன். “பிடிச்சிருக்கு டீச்சர்,” என்றாள். அதற்கு மேல் கேட்க என்ன இருக்கிறது?

டைரக்டர் கன்றை மடியில் ஏந்தினவர்தான். ஆனாலும் மறுநாள் மேட்ரனைக் கூப்பிட்டு, மிக மெதுவாகப் பேசி, வேலையிலிருந்து எடுத்துவிட்டார். நடத்தாமல் விட்ட டெஸ்ட், பெயர்ந்த கேட், எல்லாவற்றுக்கும் ஓர் ஆள் வேண்டுமே. ஒரு டெம்போவில் பசு, கன்று, டிரங்குப் பெட்டி, நடுவில் பிளாஸ்டிக் நாற்காலியில் மேட்ரன் என்று அந்த ஊர்வலம் புறப்பட்டது. பிள்ளைகள் கேட்டுக்கு வெளியே வந்து நின்றார்கள். டெம்போ மறையும்வரை மேட்ரன் அவரவர் வேலையை உரக்க ஞாபகப்படுத்திக்கொண்டே போனார். அடுத்து வந்த மேட்ரன் மிகவும் சுறுசுறுப்பானவர். எல்லாவற்றையும் தானே செய்தார். ஹாஸ்டல் பளபளவென்று இருந்தது. அந்த வருடம் முடிந்ததும் நானும் கிளம்பிவிட்டேன்.

போன மாதம் குழித்துறைப் பக்கம் ஒரு வேலையாகப் போனபோது பழைய மேட்ரன் வீட்டுக்குப் போனேன். எனக்கும் அது நல்ல மாதமாக இருக்கவில்லை; ஆனால் அதைச் சொல்ல நான் போகவில்லை. வாசலில் நின்ற என்னை அவர் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். கிட்ட வந்து நெற்றியில் புறங்கையை வைத்து, “காச்சல் மாதிரி இருக்கே டீச்சரே,” என்றார்.

எனக்குக் காய்ச்சல் எதுவும் இல்லை. இருந்தாலும் நான் மறுக்கவில்லை. அந்தக் கை இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே இருக்கட்டும் என்று அப்படியே நின்றேன்.